முந்தி வந்த ஒலி

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் கொமுட்டர் தொடர்வண்டி, பிரிக்பீல்ட்ஸை விட்டு விலகிய சற்று நேரத்தில் அங்காசாபுரி என்னும் நிலையத்தைக் கடக்கிறது. மலேசிய அரசு வானொலி தொலைக்காட்சி நிறுவனமான ஆர்.டி.எம்.-இன் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. நம் மின்னல் எஃப்.எம். ஒலிப்பதும் அவ்வளாகத்திலிருந்தே. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவ்வளாகத்தின் அலைவரிசைகளிலிருந்து ஒரு பாடல் நீக்கப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிகுதியாகக் கேட்கப்பட்டுக்கொண்டிருந்த பாடல் அது: போர்ட்டோ ரிக்கோ தீவின் லூயிஸ் ஃபோன்சியும் டாடி யாங்கியும் பாடிய 'டெஸ்பாசீட்டோ'.

அப்போதைய தொடர்பு, பல்லூடக அமைச்சர் சாலே சைட் கெருவாக் அதற்குக் காரணமும் கூறினார். பாடலின் வரிகள் கேட்கத் தக்கவை அல்ல என்று பொதுமக்களிடமிருந்து முறையீடுகள் வந்திருந்தன. அமானா கட்சியின் மகளிர் பிரிவு முன்னரே குரல் எழுப்பியிருந்தது. தடை அரசு நிலையங்களுக்கு மட்டுமே. தனியார் நிலையங்கள் தாமே தணிக்கை செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. இணையத்தில் பாடல் தடையின்றி ஓடியது.

தடை சரியா தவறா என்பதை நான் இங்கே ஆராயப் போவதில்லை. என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது அதன் காலக்கணக்கு. பாடல் வெளிவந்தது சனவரியில். தடை வந்தது சூலையில். இடைப்பட்ட ஆறு திங்களும் அப்பாடல் கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைகளிலும் மகிழுந்துகளிலும் மாணவர் விடுதிகளிலும் ஒலித்தது. கேட்டவருள் ஸ்பானிய மொழி அறிந்தவர் அரியர். ஒலி முதலில் வந்து குடியேறியது. பொருள் ஆறு திங்கள் கழித்தே வந்து சேர்ந்தது. பொருளின்றி ஒரு பாட்டு மனித உள்ளத்தில் எவ்வாறு இத்தனை காலம் வாழ முடிகிறது? பின்னால் வந்த பொருள் ஏன் அத்துணை வலிமையோடு தாக்குகிறது? இசையியலும் நரம்பியலும் கணிதமும் சேர்ந்தே இதற்கு விடை தர வேண்டும்.

முதலில் வரலாறு. ஃபோன்சியும் பனாமா நாட்டுப் பாடலாசிரியை எரிகா எந்தரும் தொடங்கி, டாடி யாங்கி தம் பகுதியைச் சேர்த்து முடித்த பாடல் இது. மவுரிசியோ ரெங்கிஃபோவும் ஆந்த்ரேஸ் தோரெஸும் இசைத்தயாரிப்பாளர்கள். சான் ஹுவான் நகரின் லா பெர்லா குடியிருப்பில் அதன் காணொளி படமாக்கப்பட்டது. இலத்தீன் அமெரிக்காவில் அது உடனே வென்றது. அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலிலோ நடுப்பகுதியைத் தாண்டி மேலேறவில்லை. ஏப்ரல் 17-ஆம் நாள் கனடாப் பாடகர் ஜஸ்டின் பீபர் சேர்ந்து பாடிய இருமொழி வடிவம் வந்தது. கொலம்பியாவின் இரவு விடுதி ஒன்றில் மக்கள் அப்பாட்டுக்கு ஆடியதைக் கண்டு அவர் தாமே முன்வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலமும் பின்னர் ஸ்பானியமுமாக அமைந்த அவ்வடிவம் பட்டியலில் 48-ஆம் இடத்திலிருந்து 9-ஆம் இடத்துக்குத் தாவியது. மே 27-ஆம் நாளிட்ட பட்டியலில் முதலிடம் பெற்று, தொடர்ந்து 16 வாரங்கள் அங்கேயே நிலைத்தது. 1996-இல் 'மக்கரேனா' முதலிடம் பெற்ற பின் பெரும்பகுதி ஸ்பானியத்தில் அமைந்த பாடல் ஒன்று அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. சூலையில், அதாவது அங்காசாபுரியில் அது நிறுத்தப்பட்ட அதே கிழமையில், எல்லா வடிவங்களும் சேர்ந்து 460 கோடி முறை இணையவழிக் கேட்கப்பட்டதாக யுனிவர்சல் நிறுவனம் அறிவித்தது. ஆகத்து 4-ஆம் நாள் யூடியூபின் மிகுதியாகப் பார்க்கப்பட்ட காணொளி என்னும் நிலையை எய்தி, 300 கோடி என்னும் எல்லையை முதன்முதலாகத் தொட்டது.

இனி ஒலிக்கு வருவோம். இப்பாடலின் அடித்தளம் ரெக்கேத்தோன் இசையின் தாளம். 1990-களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் ஷாப்பா ராங்க்ஸ் பாடிய 'டெம் போ' என்னும் பாடலின் பெயராலேயே அத்தாளம் இன்று வழங்குகிறது. ஜமைக்காவிலிருந்து பனாமா வழியாகப் போர்ட்டோ ரிக்கோவை அடைந்து அங்கே அது முதிர்ந்தது. அதன் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு மிகப் பழையது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்டோர் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவந்த கூறு அது. கியூபாவில் அபனேரா நடனத்துக்கும் அதுவே உயிர்.

அந்த எலும்புக்கூட்டைக் கேட்க இசைக்கருவி எதுவும் வேண்டா. மேசையின் மேல் விரல்களை வைத்து, ஒன்று முதல் எட்டு வரை சீராக எண்ணுங்கள். ஒன்று, நான்கு, ஏழு ஆகிய எண்களில் மட்டும் அழுத்தித் தட்டுங்கள். பிரிக்பீல்ட்ஸில் மிருதங்கம் கற்கும் சிறுவன் இதை முதல் ஆண்டிலேயே வாயால் சொல்லிவிடுவான்: தகிட, தகிட, தக. மூன்று, மூன்று, இரண்டு. எட்டு எண்ணிக்கைக்குள் மூன்று அடிகள்.

எட்டை மூன்றால் சமமாகப் பகுக்க முடியாது. முடிந்தவரை சமமாகப் பகுக்க முனைந்தால் என்ன கிடைக்கும்? மூன்று அடிகள், ஐந்து வெற்றிடங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெற்றிடம் கொடுங்கள், இரண்டு மிஞ்சும். மிஞ்சிய இரண்டை முதல் இரண்டு அடிகளுக்குக் கொடுங்கள். மூன்று, மூன்று, இரண்டு வந்துவிட்டது. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண யூக்ளிட் வகுத்த முறையும் இவ்வாறே மிச்சத்தை மீண்டும் மீண்டும் பகுத்துச் செல்வது. மெக்கில் பல்கலைக்கழகக் கணினியறிஞர் கோட்ஃபிரீட் தூசேன் 2005-இல் இவ்வொப்புமையை எடுத்துக்காட்டினார். உலகின் பல மரபிசைத் தாளங்கள் அம்முறையிலிருந்தே பிறக்கின்றன என்பது அவர் முடிவு. அவர் கையாண்ட கணிப்பு முறையை முதலில் உருவாக்கியவர் இசையறிஞர் அல்லர். நியூத்திரான்களை உண்டாக்கும் துகள் முடுக்கி ஒன்றில் துடிப்புகளை நேரத்தில் சீராகப் பரப்புவதற்கு ஒரு பொறியாளர் வகுத்த வழி அது. ஆப்பிரிக்கக் கைகள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்ததை முடுக்கியின் கடிகாரமும் கண்டடைந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஏறத்தாழச் சமம், ஆனால் சமம் அன்று. இதுவே இத்தாளத்தின் மறை. செவி முதல் இரண்டு அடிகளைக் கேட்டவுடன் மூன்றாவதற்கும் அதே இடைவெளியை எதிர்பார்க்கிறது. அடுத்த சுழற்சியின் முதல் அடியோ சற்று முந்தி வந்து விழுகிறது. எதிர்பார்ப்பு சிறிது பிழைத்து, உடனே அந்த முதல் அடியிலேயே நிறைவடைகிறது. டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய மரியா விட்டெக்கும் உடனாய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. தாளத்தில் முறைபிறழ்வு மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் உடலை அசைக்கும் விருப்பம் குறைகிறது. நடுத்தர அளவிலேயே அது உச்சம் பெறுகிறது. ஆடாமல் அசையாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூளையின் இயக்கப் பகுதிகள் தாளத்துக்கு விழித்துக்கொள்வதை ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் காட்டியிருந்தனர். காலம் கணிப்பதும் கால் தூக்குவதும் நம் மூளையில் அண்டை வீட்டார்.

இவ்விடத்தில் என் கணக்கு ஒன்றை முன்வைக்கிறேன். ஆய்வு முடிவாக அன்று, எண்ணிப் பார்க்கத் தக்க குறிப்பாக மட்டுமே கொள்க. 'டெஸ்பாசீட்டோ'வின் வேகம் நிமிடத்துக்கு 89 துடிப்புகள். ஒரு துடிப்பு 0.67 நொடி. அதை நான்காகப் பகுத்தால் ஒரு நுண்கூறு 0.17 நொடி. 'தகிட' என்னும் மூன்று நுண்கூறுகள் சேர்ந்தால் 0.51 நொடி, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 119 அடிகள். மனிதர் இயல்பாக நடக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்துவைக்கின்றனர் என்று மெக்டூகலும் மூரும் 2005-இல் அளந்து கண்டனர். நிமிடத்துக்கு 120. பாடல் மெதுவாகச் செல்வது போலத் தோன்றினும், அதன் உள்ளடி நம் நடையின் அடியோடு ஒட்டி நிற்கிறது.

நுண்கூறோ நொடிக்கு ஆறு என்னும் கணக்கில் ஓடுகிறது. பேச்சொலியின் ஏற்றத்தாழ்வு நொடிக்கு ஐந்தை ஒட்டியும் இசையின் ஏற்றத்தாழ்வு நொடிக்கு இரண்டை ஒட்டியும் உச்சம் பெறுவதாக நாய் டிங், அனிருத்த பட்டேல், டேவிட் பொப்பல் முதலியோர் 2017-இல், அதே ஆண்டில், பல மொழிகளையும் இசைகளையும் ஆராய்ந்து எழுதினர். ஒரே எட்டுக் கூற்றுச் சுழற்சிக்குள் காலுக்குரிய வேகமும் நாவுக்குரிய வேகமும் அடங்கியிருக்கின்றன. ஃபோன்சி காலின் வேகத்தில் இழுத்துப் பாடுகிறார். டாடி யாங்கி நாவின் வேகத்தில் சொல்லிசைக்கிறார். இருவருக்கும் அடித்தளம் ஒன்றே.

பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. பல்லவி தொடங்கும் இடத்தில் தலைப்புச் சொல் வருகிறது. அதற்குச் சற்று முன் தாளக்கருவிகள் நின்றுவிடுகின்றன. அச்சொல்லின் நான்கு அசைகளும் தாளப்பிடிப்பின்றி, விட்டுவிட்டு, கேட்பவரைக் காக்கவைத்து வெளிவருகின்றன. பின்பே தாளம் முழு எடையோடு வந்து விழுகிறது. மொழி அறியாதவரும் அந்த நான்கு அசைகளைப் பற்றிக்கொள்ள முடிந்தது இதனால்தான். மான்ட்ரியாலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சடோரும் 2011-இல் செய்த ஆய்வு இத்தகைய கணங்களின் வேதியியலைத் தொட்டது. இசையின் உச்ச இன்பத்துக்குச் சற்று முன், அது வரப்போகிறது என்னும் எதிர்நோக்கின்போதே, மூளையின் ஒரு பகுதியில் டோப்பமின் சுரக்கிறது. உச்சம் வந்தவுடன் வேறொரு பகுதியில் சுரக்கிறது. காத்திருத்தலுக்குத் தனி இன்பம் உண்டென்பதை நம் அகப்பாடல்கள் அறியும். அதற்கு மூளையில் தனி இடமும் உண்டு என்பது புதிய செய்தி.

கிள்ளான் பள்ளத்தாக்கின் செவிகள் இத்தாளத்துக்கு அயலானவையும் அல்ல. மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞர் பி. ரம்லி 1950-களிலும் 60-களிலும் ரும்பா, சா சா சா முதலிய இலத்தீன் தாளங்களைத் தம் பாடல்களில் தாராளமாக ஆண்டார். தமிழ்த் திரையில் விசுவநாதன் இராமமூர்த்தி இரட்டையர் போங்கோ கொண்டு செய்தவற்றை 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் பாடல் பதிவுக் காட்சியிலேயே காணலாம். அப்பாடல்கள் வானொலி வழியே மலாயாத் தோட்டங்களில் ஒலித்தன. ஒன்றை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதே அதன் மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று இராபர்ட் சாயன்ஸ் 1968-இல் நிறுவினார். தோட்டத்து வானொலியில் பாட்டியும் தாத்தாவும் கேட்ட தாளம் பேரப்பிள்ளைகளின் திறன்பேசியில் புதுப்பெயரோடு வந்தபோது, செவி அதற்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

ஆயினும் ஒலியின் அழகால் மட்டும் ஒரு பாட்டு உலகப் பட்டியலின் உச்சியை அடைந்துவிடுவதில்லை. இவ்வுண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவர் எண்ணிக்கையைக் கண்டவுடன் தகுதியென்று மயங்கிவிடுகிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் செய்து 2006-இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் ஒரு மைல்கல். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து 14,341 பேரைக் கேட்கச் செய்தனர். ஒரு பிரிவினர் பிறர் எதைத் தரவிறக்கினர் என்பதை அறியாமல் தேர்ந்தனர். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தத்தம் உலகத்தார் எதைத் தரவிறக்கினர் என்னும் எண்ணிக்கையைக் காட்டினர். எண்ணிக்கை கண்ணில் பட்ட உலகங்களில் வெற்றிப் பாடலுக்கும் தோல்விப் பாடலுக்கும் இடையிலான இடைவெளி பெருகியது. அதைவிட வியப்பு, ஓருலகில் வென்ற பாடல் மற்றோர் உலகில் வெல்லாமலும் போனது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் படுதோல்வி அடையவில்லை. மிகத் தாழ்ந்தவை அரிதாகவே வென்றன. இடைப்பட்டவற்றுக்கோ எதுவும் நேரலாம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இதை வேறு கோணத்தில் அணுகினர். நோக்கியா கைப்பேசிகள் வழி நிகழ்ந்த தரவிறக்கங்களின் பெரும் பதிவிலிருந்து பிரித்தானியாவில் புகழ்பெற்ற பாடல்களை எடுத்து, தொற்றுநோய் பரவலைக் கணிக்கும் சமன்பாடுகளில் பொருத்திப் பார்த்தனர். நோய் எளிதில் பற்றக்கூடியவர், பற்றியவர், மீண்டவர் என மக்களை மூவகையாகக் கொள்ளும் அதே சமன்பாடுகள் பாடலின் எழுச்சிக்கும் தளர்ச்சிக்கும் நன்கு பொருந்தின. பொருந்துவது வேறு, காரணம் என்று நிறுவுவது வேறு என்பதை நாம் மறவாதிருப்போம். எனினும் இச்சமன்பாடுகளின் கண்கொண்டு பார்த்தால் இருமொழி வடிவம் என்ன செய்தது என்பது தெளிவாகிறது. ஸ்பானிய வடிவம் ஸ்பானியம் பேசும் மக்களின் வலைப்பின்னலுக்குள் விரைந்து பரவி, எல்லையில் நின்றது. ஆங்கிலத் தொடக்கமும் பீபரின் பெயரும் வேறொரு வலைப்பின்னலுக்குப் பாலமாயின. பாலத்தைக் கடந்தவர் கேட்டதில் பெரும்பகுதி அதே ஸ்பானியம்தான். பாலம் குறுகியது; கடந்துசென்ற கூட்டமோ பெரிது. பட்டியலை வகுப்போர் இரு வடிவங்களையும் ஒரே பாடலாகக் கூட்டி எண்ணினர் என்பதும், 2013 முதல் யூடியூப் பார்வைகளும் கணக்கில் சேர்ந்தன என்பதும் அவ்வெற்றியின் உறுப்புகளே.

இனிப் பொருளுக்கு வருகிறேன். கட்டுரையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாடலைக் கேட்கும்போது மூளை சொல்லையும் இசையையும் ஒன்றாகக் கேட்கிறதா, தனித்தனியாகக் கேட்கிறதா? மிரேய் பெசோன், இசபெல் பெரெட்சு முதலியோர் 1998-இல் பிரெஞ்சு இசைநாடகப் பாடல்களை இசைவல்லாரைக் கேட்கச் செய்து மூளையின் மின்னலைகளைப் பதிந்தனர். சில அடிகளின் கடைசிச் சொல் பொருளோடு பொருந்தாதது. சிலவற்றின் கடைசிச் சுரம் பண்ணோடு பொருந்தாதது. சிலவற்றில் இரண்டும் பிழை. சொற்பிழைக்கு ஒருவகை அலையும் சுரப்பிழைக்கு வேறுவகை அலையும் எழுந்தன. இரண்டும் சேர்ந்து பிழைத்தபோது இரு அலைகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் கூடி எழுந்தன. கேட்கும் கணத்தில் சொல்லும் இசையும் வெவ்வேறு வழியில் செல்கின்றன என்பது அவர்கள் கொண்ட முடிவு. சொல்வழி அடைபட்டிருந்தாலும் இசைவழி திறந்தே இருக்கும். ஸ்பானியம் அறியாத கிள்ளான்வாசி முழு இன்பத்தோடு அப்பாட்டைக் கேட்டதில் வியப்பில்லை.

நினைவின் கதை வேறு. மேரி செராஃபின், இராபர்ட் கிரவுடர், புரூனோ ரெப் ஆகியோர் 1984-இல் காட்டியது இது: ஒரு மெட்டை அதற்குரிய சொற்களோடு கேட்டவர், பிறகு அதே மெட்டை வேறு சொற்களோடு கேட்டால் அடையாளம் காணத் தடுமாறுகின்றனர். நினைவில் சொல்லும் மெட்டும் ஒட்டிக்கொள்கின்றன, பிரித்தெடுப்பது கடினம். இந்த இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கேட்கும்போது பிரிந்தே நிற்பவை நினைவில் பிணைந்துவிடுகின்றன.

2017 சூலையில் மலேசியாவில் நேர்ந்ததை நான் இவ்வாறே புரிந்துகொள்கிறேன். வரிகளின் மொழிபெயர்ப்பு பரவியது. காதலின் உடல்சார்ந்த விழைவைப் பேசும் பாட்டு என்பது தெரிந்தது. அதற்குள் மெட்டு நூற்றுக்கணக்கான முறை செவியில் பதிந்து, குழந்தைகள் முதல் முதியோர் வரை வாயில் ஊறிவிட்டது. புதிதாக வந்த பொருள் அந்தப் பழைய பதிவின் மேல் ஒட்டிக்கொண்டது. முன்பின் அறியாத பாட்டின் வரிகள் தவறானவை என்று கேள்விப்பட்டால் நாம் அதைக் கேளாமல் விட்டுவிடுவோம். வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருக்கும் பாட்டின் பொருளை இன்றுதான் அறிகிறோம் என்றால், பெற்றோர் நெஞ்சம் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை நான் எளிதாக எண்ணவில்லை. அது நினைவின் இயல்பிலிருந்து எழுவது.

தமிழர்க்கு இதில் நேரடி அக்கறை உண்டு. நம் பாடல்களும் பிற மொழியாரின் செவியில் பொருளுக்கு முந்திச் செல்கின்றன. 2011 நவம்பரில் தனுஷும் அனிருத்தும் வெளியிட்ட கொலவெறிப் பாட்டு தமிழும் ஆங்கிலமும் கலந்து இந்தியா முழுதும் ஓடியது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' நிலமற்றோரின் வரலாற்றைச் சுமந்துகொண்டு உலகைச் சுற்றியது. அதைக் கேட்டு ஆடிய எத்தனையோ அயலார்க்கு அவ்வரலாறு பின்னரே தெரியவந்திருக்கும். அங்கே பின்னால் வந்த பொருள் பாட்டை உயர்த்தியது. அங்காசாபுரியில் பின்னால் வந்த பொருள் பாட்டை நிறுத்தியது. நினைவில் நிகழும் பிணைப்பு இரண்டிலும் ஒன்றே.

மொழி கலந்து பாடுவதில் கோலாலம்பூர் பின்தங்கியதில்லை. முன்னே சென்ற ஊர். பொயட்டிக் அம்மோ என்னும் சொல்லிசைக் குழு 1998-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கந்தோனியம் ஆகிய நான்கு மொழிப் பாடல்கள் இருந்தன. அக்குழுவின் யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்னும் பெயரில் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். தமிழ்ச் சொல்லிசை தமிழ்நாட்டின் திரைப்பாடலுக்குள் ஊன்றி நிற்பதற்கு அத்தொகுப்பு வழிகோலியது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் ஒரே உரையாடலில் மூன்று மொழிகள் வந்துபோவதைக் கேட்டு வளர்ந்தவர்க்கு, பாட்டில் மொழி மாறுவது இயல்பாக வரும்.

இவ்வியல்புக்கு ஒலியியலில் அடிப்படை உண்டா? எஸ்தர் கிரேப், லிங் லோ ஆகிய இருவர் 2002-இல் 18 மொழிகளின் பேச்சோசையை அளந்தனர். அடுத்தடுத்து வரும் உயிரொலிகளின் நீளம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண் ஒன்றை ஒவ்வொரு மொழிக்கும் கணித்தனர். ஸ்பானியத்துக்கு ஏறத்தாழ 30 கிடைத்தது: உயிர்கள் கிட்டத்தட்ட ஒரே நீளம். தமிழுக்கு ஏறத்தாழ 56. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்த மொழியில் இவ்வேறுபாடு இருந்தே தீரும். மலாய்க்கும் சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கும் கிடைத்த எண்கள் 50-ஐச் சற்றே தாண்டியவை, தமிழுக்கு அண்மையில் நிற்பவை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரே ஒருவர் பேச்சைத்தான் அவர்கள் அளந்தனர் என்பதால் இவ்வெண்களைக் கல்வெட்டாகக் கொள்ளலாகாது. ஆயினும் எண்ணத்தைத் தூண்டுகின்றன. ஸ்பானியச் சொல்லிசை சம நுண்கூறுகளில் ஓடுவதற்கு அம்மொழியின் உயிர்கள் துணை நிற்கின்றன. தமிழில் சொல்லிசைப்பவர் நெடிலுக்கு இரண்டு இடம் ஒதுக்கியாக வேண்டும், இல்லையேல் சொல் சிதையும். அருணகிரிநாதர் திருப்புகழில் குறிலையும் நெடிலையும் சந்தக் கட்டத்துக்குள் ஒரு மாத்திரையும் பிசகாமல் அடுக்கியது இந்தக் கணக்கை அறிந்தே. பத்துமலையில் தைப்பூசத்தன்று அப்பாடல்களைக் கேட்பவர், உலகின் கடினமான தாளச் சொல்லிசை ஒன்றைக் கேட்கிறார்.

பாட்டில் மொழி மாறும் நம் இயல்புக்கு ஓசையில் அடிப்படை உண்டா என்பதை ஆய்வுக்கு உட்படுத்துவது எளிது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. மொழியியல் பயிலும் மாணவரும் அங்கே உள்ளனர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ப்ராட்' என்னும் ஒலியாய்வு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. 'வல்லவன்' தொடங்கி இன்றுவரையான மலேசியச் சொல்லிசைப் பாடல்களில் தமிழ், மலாய், ஆங்கிலப் பகுதிகளைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வோர் உயிரொலியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, எட்டு நுண்கூற்றுச் சட்டத்தின் மேல் வைத்து அளக்க வேண்டும். கூடவே அதே கலைஞர்களின் இயல்பான பேச்சையும் மும்மொழியிலும் பதிந்து அளக்க வேண்டும். பேச்சிலும் பாட்டிலும் மும்மொழி எண்களும் நெருங்கியே நின்றால், கிள்ளான் பள்ளத்தாக்கின் மொழிகள் ஓசையால் ஒன்றோடொன்று இணங்கியவை என்று கொள்ளலாம். பேச்சில் விலகி நின்று பாட்டில் மட்டும் நெருங்கினால், அந்த இணக்கத்தைச் செய்தவர்கள் கலைஞர்களே ஆவர். எந்தச் சொல்லின் எந்த உயிரை நீட்டியும் குறுக்கியும் அதைச் செய்தனர் என்பது அப்பதிவுகளிலேயே தெரிந்துவிடும்.